தளிர்நடைப் பிள்ளையோடு தங்க ஓர் இடம்



'கேரவன்' என்னும் சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். திரைப்படக் கலைஞர்கள் படப்பிடிப்பின் இடையே ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வண்டி என்பதே நம்மூரில் இன்று அதற்கு வழங்கும் பொருள். ஆயினும் அச்சொல்லின் பிறப்பிடம் பாரசீகம். 'கார்வான்' என்றால் பாலைவனத்தில் ஒன்றாய்ச் சேர்ந்து செல்லும் பயணக் கூட்டம். அரபியில் நாம் 'காஃபிலா' என்கிறோமே, அதுவேதான். அக்கூட்டம் இரவில் இறங்கித் தங்கிய விடுதிக்குச் 'சராய்' என்று பெயர். சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தருகே உள்ள சித்தீக் சராயை நம்மில் பலர் அறிவோம். அந்தப் பெயருக்குள் இருப்பது இதே சொல்தான். நம் தமிழ் மண்ணில் இதனைச் சாவடி என்றும் சத்திரம் என்றும் அழைத்தார்கள்.

மேலை நாடுகளில் சிறு வீடு போன்ற வண்டியைக் காரின் பின்னே பூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு, அதற்கென்றே அமைந்த திடல்களில் நிறுத்தித் தங்குகிறார்கள். நம் அண்டை மாநிலமான கேரளம் 2021-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிச் சுற்றுலாவுக்கு ஒரு திட்டத்தையே அறிவித்தது. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கோ, வாடகைக்கு அமர்த்திய ஒரு வேனும், இரண்டு நாளைக்கு எடுத்த ஒரு வீடுமே காஃபிலா! எதுவாயினும் கேள்வி ஒன்றுதான். எங்கே இறங்குவது? அதிலும், கூட்டத்தில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால் எங்கே இறங்குவது?

அதைப் பற்றித்தான் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன். சுற்றுலாவைப் பற்றி எழுத ஒரு மதரஸா ஆசிரியனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். தகுதியால் எழுதவில்லை, செய்த தவற்றினால் எழுதுகிறேன்.

குடும்ப ஆலோசனை

கடந்த ஜனவரியில் என் தங்கை வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகன். அவளுடைய மாமனாரும் மாமியாரும் இளையான்குடியிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டு, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் விடியற்காலையில் வந்து இறங்கினார்கள். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் சிறிய வீட்டில் பெரியவர்களும் சிறியவர்களுமாகப் பத்துப் பேர்! "இரண்டு இரவு எங்காவது போய்த் தங்கிவிட்டு வருவோம் அண்ணே. இவன் ஏசி அறையையும் கண்ணாடி ஜன்னலையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை" என்றாள் தங்கை.

உடனே ஆளுக்கொரு யோசனை. ஏலகிரி போகலாம் என்றான் என் மூத்த மகன். மலை நல்லதுதான், ஆனால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வேனில் உட்கார்ந்து, முடிவில் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். பெரியவர்களுக்கே தலை சுற்றும். வயிற்றில் பாலோடு இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? வேடந்தாங்கல் போகலாம் என்றார் தங்கையின் மாமனார். 1798-இல் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் என்பவர், அவ்வூர் மக்கள் பறவைகளைக் காத்துவரும் உரிமையை எழுத்தில் ஏற்றுக்கொடுத்த ஊர் அது. ஜனவரியில் ஏரி முழுதும் நாரையும் கொக்குமாக வெண்பூப் பூத்தது போலிருக்கும். ஆனால் ஏரிக்கரையில் நடந்து பறவைகளைப் பார்த்துவிட்டு அன்றே திரும்புவதற்கு ஏற்ற இடமேயன்றி, குடும்பமாகத் தங்குவதற்கு அங்கே வசதி குறைவு.

"கடற்கரைதான்" என்று தங்கை தீர்ப்புச் சொன்னாள். "ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற மாதிரி வீடு!"

அதுவரை ஒன்றும் பேசாமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் துணைவியார் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு மட்டுமே தெரியும்.

ஒரு சுபுஹு வேளை

ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் இளைய மகளுக்கு இரண்டு வயது நிரம்பியிருந்த நேரம். நாங்களும் இப்படித்தான் கடலோரத்தில் ஒரு வீடு எடுத்தோம். கைப்பேசியில் வந்த படங்களைப் பார்த்தே நான் முன்பணம் அனுப்பினேன். மாடியிலிருந்து நீலக் கடல், சவுக்கு மரங்கள், சாய்வு நாற்காலி. வாடகையும் குறைவு. "என்னங்க, கீழ்த்தளம் எப்படியிருக்கும், பின்பக்கம் என்ன இருக்கும் என்று கேட்டீர்களா?" என்று துணைவியார் கேட்டார். "இரண்டு நாள்தானே" என்றேன்.

மஃரிபு நெருங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். இருட்டில் எதையும் பார்க்கவில்லை. களைப்பில் எல்லாரும் உறங்கிவிட்டோம். மறுநாள் சுபுஹுக்கு நான் முதலில் எழுந்து, பின்கதவைத் திறந்துபோய்க் குழாயில் ஒளு செய்தேன். திரும்பி வந்தவன் கதவை வெறுமனே சாத்தினேன், தாழிடவில்லை. முன்னறையில் தக்பீர் கட்டினேன்.

தொழுது கொண்டிருக்கையில் பின்புறம் 'டக் டக்' என்று பலகை அதிரும் ஓசை கேட்டது. பூனையாக இருக்கும் என்று என் மனம் எனக்கே ஒரு சமாதானம் சொன்னது. நான் தொழுகையைத் தொடர்ந்தேன்.

துணைவியார் அந்த ஓசையில் விழித்துவிட்டார். பக்கத்தில் பிள்ளை இல்லை. பின்பக்கம் ஓடினார். அங்கே தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி. அதன் இரும்பு மூடி எப்போதோ போய்விட, வாயின்மேல் ஒரு மெல்லிய ஒட்டுப் பலகையை வைத்திருந்தார்கள். அந்தப் பலகையின் மேல் நின்று எங்கள் மகள் குதித்துக்கொண்டிருந்தாள். ஓசை பிடித்துப் போயிருக்கிறது! ஒவ்வொரு குதிக்கும் பலகை நடுவில் வளைந்தது.

அந்தத் தாய் அலறவில்லை. அலறினால் பிள்ளை திடுக்கிட்டுத் தடுமாறும், அல்லது விளையாட்டென்று எண்ணி இன்னும் குதிக்கும். மெல்ல நடந்து, கையை நீட்டி, "பிஸ்கட் வேணுமா?" என்று அன்றாடம் கேட்கும் குரலில் கேட்டார். பிள்ளை இரண்டடி வைத்து அவர் கைக்கு வந்தது. அதன்பிறகு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸலாம் கொடுத்துவிட்டு வந்த நான் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ஆளுயர ஆழம். பாதிக்கு மேல் தண்ணீர். வாசகர்களே, தொழுது கொண்டிருக்கும் ஒருவர், பார்வையற்ற ஒருவர் கிணற்றில் விழப்போவதைக் கண்டால் தொழுகையை முறித்துவிட்டு அவரைக் காப்பது கடமை என்று சட்ட நூல்கள் கூறுகின்றன. அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறவன் நான். பாடத்தில் வந்த கிணறு என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. இரவில் பாத்திரங்களை மூடி வையுங்கள், கதவுகளை அடையுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விப்பவனும் நான்தான். மூடியும் கதவும் இரண்டுமே என் கையில் தவறின.

துணைவியார் அன்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நீங்கள் கடலைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்க்கச் சொன்னேன்."

அந்த வீடு எது, எவருடையது என்று எழுதுவது என் நோக்கமன்று. மூடியில்லாத தொட்டி அவர்கள் பிழை. தாழிடாத கதவு என் பிழை. மகளை நமக்குத் திருப்பித் தந்த இறைவனுக்கே எல்லாப் புகழும்.

இடம் பார்க்கப் போனோம்

எனவே, இம்முறை படம் பார்த்து முடிவு செய்வதில்லை என்று உறுதி கொண்டோம். பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, நானும் துணைவியாரும் இருசக்கர வண்டியில் இடம் பார்க்கப் புறப்பட்டோம். 'பொங்கல் கழிந்த' என்று சொல்வதற்குக் காரணமுண்டு. காணும் பொங்கலன்று வண்டலூரிலும் மாமல்லபுரத்திலும் கூடும் கூட்டத்தில் பெரியவர்களே ஒருவரை ஒருவர் தவறவிட்டுத் தேடுவார்கள். சிறு பிள்ளையோடு செல்கிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுவது நல்லது.

தாம்பரத்துக்காரர்களாகிய நமக்கு ஒரு பெருமை உண்டு. நம் ஊரே ஒருகாலத்தில் நல்ல காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அவர்கள் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை நிறுவ இந்த ஊரை நாடியது, மரங்களும் தூய காற்றும் நிறைந்திருந்தமையால்தான். இன்று இரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. காற்றைத் தேடி நாம்தான் வெளியே போகிறோம்! இடம் தேர்வதில் இன்னொரு பாடத்தையும் இதே ஊர் நமக்குக் கற்பித்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. தண்ணீர் தன் பழைய பாதையை மறப்பதேயில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழைக் காலத்தில் பயணம் வைப்பவர்கள், தங்கும் வீடு தாழ்வான நிலத்தில் இருக்கிறதா என்று அவ்வூராரிடமே கேட்டறிய வேண்டும்.

முதலில் வண்டலூர். ஜி.எஸ்.டி. சாலையின் ஒருபுறம் 1984-இல் தொடங்கிய கிரசென்ட் கல்வி நிறுவனம். மறுபுறம் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தோன்றிய பழைய விலங்குக் காட்சிசாலைதான், 1985-இல் இங்கே அறுநூறு ஹெக்டேர் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. பிள்ளைகளுக்கு இதைவிட மகிழ்வான இடம் அருகில் இல்லை. ஆனால் பரப்பு மிகுதி. இரண்டு வயதுப் பிள்ளை பத்து நிமிடம் நடந்து, பிறகு தூக்கச் சொல்லும். மின்கல வண்டியில் ஏறிச் சுற்றுவதே நலம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். இது காலையில் போய் நண்பகலுக்குள் திரும்ப ஏற்ற இடம்.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் திரும்பினோம். கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஊர்கள் வரிசையாக வரும். வயல்களும் ஏரிகளுமாக இருந்த வழி, இன்று அடுக்குமாடிகளின் வழியாகிவிட்டது. கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கடலோரம் சென்றால் கோவளம். கர்நாடக நவாபுகளின் காலத்தில் துறைமுகமாக விளங்கிய ஊர்; தமீமுல் அன்சாரி அவர்களின் அடக்கத்தலம் என்று மக்கள் போற்றும் தர்காவும் இங்கேதான் உள்ளது. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றிதழை இவ்வூர்க் கடற்கரை 2021-இல் பெற்றது. பள்ளிவாசலும் நம் உணவும் நடக்கும் தொலைவில் கிடைப்பதால் எங்களுக்கு இவ்வூர் பிடித்திருந்தது. ஆனால் நாங்கள் பார்த்த இரண்டு வீடுகளும் தெருவை ஒட்டியே இருந்தன. வாசற்படி இறங்கினால் வண்டி ஓடும் சாலை.

துணைவியார் தலையசைத்து மறுத்துவிட்டார். எனக்கு அப்போது ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. பயணத்தில் இரவு தங்க இறங்கும்போது பாதையை விட்டு விலகி இறங்குங்கள். ஏனெனில் இரவில் அது ஊர்வனவும் விலங்குகளும் நடமாடும் வழி என்பது அதன் கருத்து. அன்று பாம்பும் விலங்கும். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேக வண்டிகள். பாதையை விட்டு விலகுவது என்ற அறிவுரை மட்டும் பழையதாகவில்லை.

சற்று வடக்கே முட்டுக்காடு. 1984 முதல் அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை உள்ளது. படகில் ஏறும் முன் ஒன்று கேளுங்கள்: பிள்ளையின் அளவுக்கு மிதவை அங்கி இருக்கிறதா? பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் அங்கி மிதக்கும், பிள்ளை நழுவிவிடும். பொருத்தமான அங்கி இல்லையேல், கரையில் நின்று படகைப் பார்ப்பதே அப்பிள்ளைக்குப் போதிய இன்பம்.

தெற்கே திரும்பி வடநெம்மேலி. 1976-இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை. திங்கட்கிழமை விடுமுறை. அங்கே முதலைகள் கல்லைப் போல் அசையாமல் கிடப்பதைக் கண்டு, பிள்ளையைச் சுவர்மேல் உட்காரவைத்துப் படம் எடுக்கத் தோன்றும். வேண்டாம், சகோதரர்களே! தோளில் தூக்கி, இரு கைகளாலும் பிடித்துக் காட்டுங்கள், அதுவே போதும்.

கடைசியில் மாமல்லபுரம். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ 1984-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்ட கற்கோயில்களின் ஊர். தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். (இத்தொலைவு பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்தில் கஸ்ருக்குரிய பயணமாகாது, தொழுகையை முழுமையாகவே தொழ வேண்டும் என்பதை இடையே சொல்லிவைக்கிறேன்.) இங்கே தங்குமிடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் கடல் நல்ல குணமுடையதன்று. அலை திரும்பும்போது காலடி மணலையே உருவும் இழுப்பு உண்டு. கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று பெரியவர்கள் நினைக்கும் இடம், இரண்டு வயதுப் பிள்ளைக்கு முழங்காலுக்கு வந்துவிடும்.

தரையிலிருந்து பாருங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் என் துணைவியார் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். உள்ளே நுழைந்ததும் தரையில் உட்கார்ந்துவிடுவார்! "பிள்ளையின் கண் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால்தான் அது எதைத் தொடும் என்று தெரியும்" என்பார். அப்படிப் பார்த்து அவர் கண்டவற்றை உங்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

தண்ணீர்: கிணறு, தரைத்தொட்டி, நீச்சல் குளம், அலங்காரக் குளம் இவற்றுள் எது வீட்டு வளாகத்தில் இருந்தாலும், பூட்டும் வேலியும் உண்டா என்று பாருங்கள். குளியலறையில் நிறைத்து வைத்த வாளியும் ஆபத்தே. சிறு பிள்ளை தலைகுப்புற விழுந்தால் தானாக எழ இயலாது. சில அங்குலத் தண்ணீரே அதன் மூச்சை நிறுத்தப் போதும். அதுவும் ஓசையின்றி நடந்துவிடும். இரவில் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள்.

உயரம்: மாடி கிடைத்தால் காற்று வரும். ஆனால் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் பிள்ளையின் தலை நுழையக் கூடாது. நான்கு விரற்கடைக்கு மேற்பட்ட இடைவெளியென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். கைப்பிடியருகே நாற்காலியோ கட்டிலோ கிடந்தால் அகற்றுங்கள். மாடிப்படிக்குக் கதவில்லையேல் கீழ்த்தளமே மேல்.

கதவு: குளியலறையின் உள்தாழ்ப்பாள் தாழ்வாக இருந்தால், பிள்ளை உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும், திறக்கத் தெரியாது. வெளிக்கதவின் தாழ்ப்பாளோ உயரத்தில் இருக்க வேண்டும்.

நஞ்சு: விடுதிகளில் கைகழுவும் தொட்டியில் அந்துருண்டை போட்டு வைப்பார்கள். பார்வைக்கு மிட்டாயைப் போலவே இருக்கும். போனவுடன் அதைப் பொறுக்கி எறியச் சொல்லுங்கள். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த அமிலம், பினாயில், சுவரின் அடியில் சொருகிய கொசு மருந்து ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள். திறந்த மின்துளைகளைக் கட்டிலோ பெட்டியோ நகர்த்தி மறைத்துவிடலாம்.

கொசு: டெங்குக் கொசு பகலில் கடிப்பது, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. சுற்றிலும் இளநீர் ஓடுகளும் உடைந்த தொட்டிகளும் கிடக்கும் வளாகத்தில் எத்தனை பூச்செடி இருந்தாலும் பயனில்லை. வலை கொண்டு செல்லுங்கள்.

வெயில்: ஜனவரி, பிப்ரவரி மாதங்களே நம் கடலோரத்துக்கு இதமானவை. கத்திரி வெயிலில் பிள்ளையைக் கொண்டு செல்லாதீர்கள். எந்தப் பருவத்திலும், "ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று பூட்டிய காருக்குள் பிள்ளையை விட்டுச் செல்லாதீர்கள். சில நிமிடங்களிலேயே அது அடுப்பாகிவிடும்.

உணவும் உறக்கமும்: பால் காய்ச்சவும் கஞ்சி வைக்கவும் ஓர் அடுப்பு வேண்டும். விட்டத்தில் தூளி கட்ட உறுதியான ஒரு கொக்கி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பழகிய சேலைத் தூளியில் உறங்கும் பிள்ளைக்குப் புதிய ஊரும் பழைய ஊரே. கொக்கியைப் பெரியவர் ஒருவர் தொங்கி இழுத்துப் பார்த்த பின்னரே தூளி கட்டுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பையில் இருக்கட்டும். உறையில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கூட்டவும் குறைக்கவும் கூடாது.

மருத்துவம்: அருகிலுள்ள மருத்துவமனை எது, இரவில் திறந்திருக்குமா என்று முன்னரே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2008 முதல் நம் மாநிலத்தில் இயங்கும் 108 ஆம்புலன்ஸை அழைத்தாலும், நாம் இருக்கும் இடத்தின் அடையாளத்தை நாம்தானே சொல்ல வேண்டும்? வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

தொழுகையும் மறைப்பும்: தூய்மையான ஓர் அறை, பெண்கள் தடையின்றிப் புழங்கத்தக்க திரையிட்ட ஜன்னல்கள், கிப்லாத் திசை. நம் பகுதியில் நேர்மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்க வேண்டும். தொழுகை நேரத்தில் பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஜமாஅத்தாக நின்றுவிட்டால், பிள்ளைக்குக் காவல் யார்? நாங்கள் இப்போது இரு பிரிவாகத் தொழுகிறோம்.

நாங்கள் தேர்ந்த வீடு

அன்று ஆறு வீடுகள் பார்த்தோம். ஆறாவது வீடு மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னே, பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சிற்றூரின் ஓரத்தில் இருந்தது. பழைய ஓட்டு வீடு. கடலின் ஓசை கேட்கும், கடல் தெரியாது. முற்றத்தில் ஒரு புங்கமரம். சுற்றுச்சுவர், உயரத்தில் தாழ்ப்பாள் உள்ள இரும்புக் கதவு. கிணற்றின் மேல் கம்பி வலை போட்டுப் பூட்டியிருந்தார்கள். துணைவியார் அந்த வலையின் மேல் தம் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்திப் பார்த்தார். பிறகு, நீங்களும் அழுத்துங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நானும் அழுத்தினேன். அசையவில்லை.

"இதுதான்" என்றார்.

தங்கைக்கு ஏமாற்றம். வேனை விட்டு இறங்கியதும், "கடல் எங்கே அண்ணே?" என்றாள். நடந்து போனால் பத்து நிமிடம் என்றேன். முகம் சுருங்கிற்று. அவளுடைய மாமியார்தான், "கடலைப் பார்க்க நாம் போவோம் மகளே, கடல் நம்மைப் பார்க்க வர வேண்டாம்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார்.

என் மருமகனுக்கோ கடலைப் பற்றிய கவலையே இல்லை. காலையிலும் மாலையிலும் தெருவில் ஓர் ஆட்டு மந்தை போகும். அந்த இரும்புக் கதவின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மந்தை வரும்வரை நின்றான். வந்ததும் "மே" என்று கத்தினான். ஓர் ஆடு நின்று திரும்பக் கத்தியது. அவ்வளவுதான்! இரண்டு நாளும் அவனுக்கு அதுவே பெருநாள். கடலுக்கு இருமுறை, வெயில் ஏறும் முன் கூட்டிப் போனோம். இரு பக்கமும் இருவர் கையைப் பிடித்துக்கொண்டோம். அலையைக் கண்டு அழுதான். ஈர மணலைக் கண்டு சிரித்தான்.

இரண்டாம் நாள் சுபுஹுக்கு நான் எழுந்தபோது, கதவருகே ஒரு நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பழைய நிகழ்ச்சியை முன்னிரவில் துணைவியார் அவளிடம் சொல்லியிருக்கிறார். "நீங்கள் முதலில் தொழுங்கள் அண்ணே. நான் இங்கே இருக்கிறேன்" என்றாள். பின்னர் அவள் தொழுதபோது நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தூளிக்குள் பிள்ளையின் மூச்சு சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கடல் எங்கோ இரைந்தது.

வாசகர்களே! பயணம் போங்கள். இறைவனின் படைப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் புறப்படும் முன் ஒருநாள் செலவழித்து, பிள்ளையின் தாயையும் உடன் அழைத்துக்கொண்டு, தங்கும் இடத்தைப் பகல் வெளிச்சத்தில் நேரில் பாருங்கள். இயலாதவர்கள் போய் இறங்கியதும், பெட்டியைப் பிரிக்கும் முன், விளக்கைப் போட்டு வளாகத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். அதற்கு ஆகும் நேரம் கால் மணிதான். அந்தக் கால் மணியை நான் ஒருநாள் மிச்சப்படுத்தினேன். அந்தப் பலகையின் ஓசை இன்னும் என் தொழுகையில் கேட்கிறது.

நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல நாயன் தன் பாதுகாப்பில் வைத்தருள்வானாக! ஆமீன்.